குளம், கண்மாய், ஏரி: மார்க்டவுன் குறிப்புகளுக்குள் இணைப்பு தேட ஐந்து வழிகள்

சென்ற மாதம் கலிங்கு பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். ஏரி நிறைந்ததும் மிகைநீர் வழிந்து வெளியேறும் கல்கட்டு அது. அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதி, கோப்பைச் சேமித்துவிட்டு வேறு எதையோ தேடப்போனால், மூன்று ஆண்டுக்கு முன் நானே எழுதிய ‘மறுகால்’ குறிப்பு கண்ணில் பட்டது. தெற்கத்திச் சொல்லில் அதே விஷயம். புதியதைவிட நன்றாக எழுதியிருந்தேன் என்பதுதான் வேதனை.

மார்க்டவுன் (சில எளிய குறிகளோடு எழுதும் வெறும் எழுத்துக் கோப்பு) குறிப்புகள் இருநூறைத் தாண்டாதவரை எது எங்கே என்பது தலையிலேயே இருக்கும். ஆயிரத்தைத் தொட்டால் எழுதியது நாம்தான் என்பதே மறந்துபோகும். அந்தக் கட்டத்துக்கு வந்த நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “ஆப்சிடியனா, லாக்சீக்கா, இல்லை ஏஐ வைத்த ஏதாவதா?” (முதல் இரண்டும் குறிப்பு எழுதும் செயலிகள்.) ஐந்து வழிகளை என் குறிப்புகள்மேல் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மொத்தத்தில் எது நல்லது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எந்த வகை இணைப்பு உங்கள் கையிலிருந்து நழுவுகிறது என்று சொன்னால், எதை எடுக்கலாம் என்று சொல்ல முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, கருவி எந்த வகை இணைப்பைப் பிடிக்கிறது என்பதை. இணைப்பில் மூன்று வகை உண்டு.

பெயர் இணைப்பு: ஒரு குறிப்பின் தலைப்பு இன்னொரு குறிப்பின் உள்ளே அப்படியே எழுதப்பட்டிருக்கும், ஆனால் சுட்டி (அழுத்தினால் அந்தக் குறிப்புக்கே கொண்டுபோவது) போட மறந்திருப்போம்.

அண்டை இணைப்பு: இரண்டு குறிப்புகள் ஒன்றையொன்று சுட்டாது, இரண்டுமே மூன்றாவது ஒன்றைச் சுட்டும். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்து, வீட்டு விசேஷத்தில் சந்தித்துக்கொள்வது மாதிரி.

பொருள் இணைப்பு: பொதுச் சொல் ஒன்றுகூட இராது, விஷயம் ஒன்றாக இருக்கும். என் கலிங்கும் மறுகாலும் இந்த வகை.

இரண்டாவது, தமிழ்ச் சொல் உருமாறும்போது கருவி அதை அடையாளம் காண்கிறதா. இதற்குத் தனிப்பகுதி வேண்டும், கீழே வருகிறது.

மூன்றாவது, கருவி உங்கள் கோப்பில் விட்டுச்செல்லும் தடம். ஜான் கிரூபர் 2004இல் மார்க்டவுனை வெளியிட்டதன் நோக்கமே, எந்த மென்பொருளும் இல்லாமல் வெறும் எழுத்தாகவும் அதைப் படிக்க முடிய வேண்டும் என்பது. பத்து ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்தக் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தால் எழுத்து தெரியுமா, குப்பை தெரியுமா?

நான்காவது, வாராவாரம் பிடுங்கும் பராமரிப்பு வேலை. ஐந்தாவது, உங்கள் எழுத்து உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறதா என்பது.

வரைபடம் அழகாக இருக்கிறதா என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. புள்ளிகளும் கோடுகளுமாக மிதக்கும் அந்தப் படம் நண்பர்களிடம் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் நாம் ஏற்கெனவே போட்ட இணைப்புகளைத்தான் அது வரைகிறது. அதைப் பார்த்து ஒரு புது இணைப்பை நான் கண்டுபிடித்த நாள் இன்னும் வரவில்லை.

## தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு தலைவலி

குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஆங்கிலப் பெயர்ச்சொல் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் பெரும்பாலும் அதே உருவத்தில் இருக்கும், மிஞ்சினால் கடைசியில் ஒரு ‘எஸ்’ ஒட்டும். நம் குளமோ குளத்தில், குளத்தை, குளங்கள், குளக்கரை என்று வேஷம் மாற்றிக்கொண்டே போகும். ‘குளம்’ என்று தேடினால் இந்த நான்கில் ஒன்றும் சிக்காது. ஆறு, ஆற்றில் ஆகிவிடும்.

மெய்யெழுத்தில் முடியும் சொற்களில் இன்னொரு சங்கதி. ஒருங்குறியில் (யூனிகோடு) ‘கண்மாய்’ என்பதன் கடைசியில் இருப்பது ய என்ற எழுத்தும், தனிக் குறியாக ஒரு புள்ளியும். ‘கண்மாயில்’ என்று எழுதும்போது புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்து உட்கார்ந்துவிடுகிறது. நம் கண்ணுக்குக் கண்மாய் அப்படியே இருக்கிறது, கணினியைக் கேட்டால் அந்த எழுத்துத்தொடர் அங்கே இல்லை என்று சொல்லும். ஊர், கடல், வயல் எல்லாம் இதே கதைதான். புள்ளியை விட்டுவிட்டு ‘கண்மாய’ என்று தேடினால் கண்மாய், கண்மாயில், கண்மாயை மூன்றும் வந்துவிடும்.

ஆனால் வேரை ரொம்பவும் ஒட்ட வெட்டக் கூடாது. ‘குள’ என்று தேடினால் குளிரும் குளியலும் குளவியும் சேர்ந்து வரும். ‘மடை’ தேடினால் மடையன் வருவான். ‘ஆறு’ என்று ஒரு குறிப்புக்குத் தலைப்பு வைத்தீர்கள் என்றால், “காலை ஆறு மணிக்கு எழுந்தேன்” என்று எழுதிய நாட்குறிப்புகளையெல்லாம் காவிரியோடு இணைக்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். தலைப்பைக் ‘காவிரி ஆறு’ என்றோ ‘ஆறுகள்’ என்றோ வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

சுட்டி போடுவதிலும் இதே சிக்கல். [[கடல்]] என்று இரட்டைச் சதுர அடைப்பில் போட்டால் வாக்கியத்தில் ஒட்டாது. [[கடல்|கடலில்]] என்று நடுவில் கோடு போட்டு, சுட்டப்படும் தலைப்பு ஒன்றாகவும் கண்ணுக்குத் தெரியும் சொல் வேறாகவும் எழுத வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்துப் பழகியவர்களுக்கு இது கைப்பழக்கம். மற்றவர்கள் பத்தாவது குறிப்பிலேயே சலித்துப்போவார்கள்.

கண்ணுக்கே தெரியாத சிக்கல் ஒன்றும் உண்டு. கொ, போ போன்ற எழுத்துகளில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கப்படலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த குறிப்புகளில் ‘கொள்ளிடம்’ தேடிக் கிடைக்காவிட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கருவி எதுவாக இருந்தாலும், எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை ஒருங்குறியின் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு மறுவேலை பாருங்கள்.

## முதல் வழி: வெறும் தேடலும் கைவேலையும்

ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016இல் வெளியிட்ட ரிப்கிரெப் என்ற கட்டளைவரி நிரல் (கருப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்து ஓட்டுவது), சில ஆயிரம் மார்க்டவுன் கோப்புகளைக் கண் சிமிட்டும் நேரத்தில் துழாவிவிடும். அதில் குள(ம|த்|ங்|க்) என்று ஒரு வடிவத்தை (‘குள’வுக்குப் பின் இந்த நான்கில் ஒன்று வர வேண்டும் என்று பொருள்) கொடுத்தால் குளம், குளமும், குளத்தில், குளங்கள், குளக்கரை எல்லாம் வரும், குளிர் வராது. சொல் எல்லையைக் கணக்கிடும்போது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே ரிப்கிரெப் எடுத்துக்கொள்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பைத்தானின் உள்ளமைந்த தேடல் நூலகம் அப்படிச் செய்யாது. அதில் சொந்த நிரல் எழுதித் தமிழ்ச் சொற்களைப் பிரித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இந்த வடிவங்களை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ‘நீர்நிலை’ என்ற வரிக்கு எதிரே ஏரி, கண்மாய், குளம், ஊருணி, ஏந்தல், தாங்கல் எல்லாம் இருக்கும். ‘மிகைநீர்’ என்ற வரிக்கு எதிரே கலிங்கு, கலங்கல், மறுகால். நம் ஊரில் இதற்குப் பழைய பெயர் உண்டு, நிகண்டு. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று அடுக்கி வைப்பது நமக்குப் புதிதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சொந்த நிகண்டு ஒன்றை இன்றே தொடங்குங்கள். அதை வைத்துக்கொண்டு எந்தக் கருவிக்கும் மாறலாம். அது இல்லாமல் எந்தக் கருவிக்குப் போனாலும் கலிங்கு ஒருபக்கமும் மறுகால் ஒருபக்கமும் நிற்கும்.

தானியங்கி உதவி இல்லாமல் இது சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு நிக்லாஸ் லூமானைக் காட்டுவது வழக்கம். ஜெர்மானிய சமூகவியலாளர், 1998இல் மறைந்தவர். சுமார் 90,000 காகிதச் சீட்டுகளை எண் போட்டு, கையாலேயே இணைத்தார். ஆனால் அவருடைய முழுநேர வேலையே அதுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறைசெலவு இரண்டு. குறிப்பின் பெயரை மாற்றினால் பழைய சுட்டிகள் உடையும், யாரும் வந்து திருத்தித் தரமாட்டார்கள். அடுத்து, தேட வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கே வர வேண்டும். மறந்துபோன குறிப்பைத் தேடத் தோன்றாது, என் மறுகால் அப்படித்தான் தப்பித்தது. ஐந்நூறு குறிப்புக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கருப்புத் திரையில் தட்டச்சு செய்யக் கூச்சப்படாதவர்களுக்கும் இது போதும்.

## இரண்டாம் வழி: ஆப்சிடியன்

2020இல் வந்தது. குறிப்புகள் உங்கள் கணினியில் சாதாரண மார்க்டவுன் கோப்புகளாகவே இருக்கும். இணைப்பு தேடுகிறவருக்கு இதில் பயன்படும் இடம் ஒன்றுதான்: வலப்பக்கப் பலகையில், இந்தக் குறிப்பைச் சுட்டும் குறிப்புகளின் பட்டியலுக்குக் கீழே, ‘சுட்டி போடாமல் பெயர் மட்டும் வந்திருக்கும் இடங்கள்’ என்று இன்னொரு பட்டியல் இருக்கும். பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால் அந்த இடம் சுட்டியாக மாறிவிடும். பெயர் இணைப்பைப் பிடிக்க இதைவிடச் சுகமான ஏற்பாடு நான் பார்த்ததில்லை. பெயர் மாற்றினால் எல்லாக் குறிப்புகளிலும் சுட்டியைத் தானே திருத்திக்கொள்ளும்.

ஆனால் அது தேடுவது தலைப்பை, எழுத்து மாறாமல். ‘குளம்’ என்ற குறிப்புக்குக் ‘குளத்தில்’ கிடைக்காது. இங்கேதான் மாற்றுப்பெயர் வசதி கைகொடுக்கிறது. கோப்பின் தலையில் இருக்கும் பண்புப் பகுதியில் குளத்தில், குளத்தை, குளங்கள், குளக்கரை என்று எழுதிவிட்டால் அவையும் பட்டியலில் வரத் தொடங்கும். நிகண்டில் இருக்கும் ஒத்த சொற்களையும் அங்கேயே கொட்டலாம்: கலிங்கு குறிப்பின் மாற்றுப்பெயராக மறுகால். பொத்தானை அழுத்தும்போது [[கலிங்கு|மறுகால்]] என்று நடுக்கோட்டையும் அதுவே போட்டுத் தரும், விரல் வலி மிச்சம்.

எல்லா வேற்றுமை உருபையும் எழுத உட்காராதீர்கள். ஒரு சொல்லுக்கு ஐந்தாறு உருவம் போதும். நான் ஆரம்பத்தில் ஒரு குறிப்புக்கு இருபத்திரண்டு மாற்றுப்பெயர் எழுதினேன். குறிப்பு நான்கு வரிதான்.

அண்டை இணைப்புக்கு நேரடி வசதி இல்லை. இருக்கும் குறிப்பைச் சுற்றிய சிறு வரைபடத்தில் ஆழத்தை இரண்டாக்கினால் சுட்டியின் சுட்டி வரை தெரியும். ஒப்பேற்றலாம்.

மறைசெலவுக்கு வருவோம். மென்பொருள் இலவசம். அலுவலகப் பயன்பாட்டுக்குக் கட்டாயமாக இருந்த உரிமக் கட்டணமும் 2025 தொடக்கத்தில் விருப்பத்துக்கு உரியதாக மாறிவிட்டது. ஆனால் மூலநிரல் திறந்ததல்ல. செல்பேசியோடு ஒத்திசைக்க அவர்களுடைய சேவையை எடுத்தால் சந்தா கட்ட வேண்டும். உண்மையான செலவு நீட்சிகளில் (கூடுதல் வசதிக்காகச் செயலியோடு சேர்க்கும் குட்டி நிரல்கள்) இருக்கிறது. பிறர் எழுதிய நீட்சிகளை நிறுவ அனுமதி கொடுத்த நிமிடம் முதல் அவை உங்கள் கோப்புகள் முழுவதையும் தொடலாம். அதைவிடப் பெரியது நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நிறமும் நீட்சியும் மாற்றிவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் தூங்கப்போனவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பார்கள்.

செல்பேசியிலும் கணினியிலும் மாறிமாறி எழுதுகிறவர், கட்டளைவரி பிடிக்காதவர், பெயர்கள் மண்டிய குறிப்புகள் வைத்திருப்பவர் (ஆட்கள், ஊர்கள், கல்வெட்டுகள், மருந்துகள்) தயங்காமல் இதை எடுக்கலாம்.

## மூன்றாம் வழி: லாக்சீக்

இதில் எல்லாமே புள்ளிப் பட்டியல். தினமும் காலையில் அன்றைய தேதியில் ஒரு பக்கம் திறந்து நிற்கும், மனதில் படுவதை வரிவரியாகக் கொட்டலாம். இணைப்பு, குறிப்புக்கு இல்லை, வரிக்கு. ‘வைகை’ பக்கத்தைத் திறந்தால், எந்தெந்த நாளில் எந்தெந்த வரியில் வைகை வந்ததோ அந்த வரிகள் மட்டும் அடியில் கோத்து நிற்கும். அதற்குக் கீழே சுட்டி போடாத வரிகளும். பெரிய கட்டுரை எழுதாமல் துண்டு துண்டாகப் பதிவு செய்கிறவர்களுக்கு, வாரக்கணக்கில் களத்தில் சுற்றுகிறவர்களுக்கு, இந்த ஏற்பாடு வேறெங்கும் கிடைக்காது. மூலநிரலும் திறந்தது.

மறைசெலவு கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் சிறுகோட்டில் தொடங்கும் பட்டியலாகவே சேமிக்கப்படும். ஒரு வரியை இன்னோர் இடத்தில் மேற்கோளாக இழுத்தால், அந்த வரியின் அடியில் நீளமான அடையாள எண் ஒன்று எழுதப்படும், இழுத்த இடத்தில் இரட்டை வளைவு அடைப்புக்குள் அந்த எண் மட்டும் நிற்கும். லாக்சீக்குக்கு வெளியே திறந்தால் அங்கே என்ன வாக்கியம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டு அப்படி எழுதியபின் வெளியேறுவது வாடகை வீட்டைக் காலி செய்வது மாதிரி ஆகிவிடும், ஆணி அடித்த இடமெல்லாம் பூச வேண்டும். தவிர, கோப்புகளுக்குப் பதிலாகத் தரவுத்தளத்தில் சேமிக்கும் ஒரு பதிப்பை அதன் படைப்பாளிகள் உருவாக்கிவருகிறார்கள். மார்க்டவுன் கோப்பு என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் அந்தத் திசையையும் கவனத்தில் வையுங்கள்.

உருமாறும் சொற்கள் விஷயத்தில் ஆப்சிடியன் மாதிரியேதான். மாற்றுப்பெயர் போட்டுச் சமாளிக்க வேண்டும்.

## நான்காம் வழி: இசட்கே, ஃபோம்

இசட்கே கட்டளைவரியில் ஓடுவது, கோ மொழியில் எழுதப்பட்டது. மற்றவற்றில் நேரடியாக இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. ஒரு குறிப்பைக் காட்டி ‘தொடர்புடையவை எவை’ என்று கேட்டால், அதோடு நேரடி இணைப்பு இல்லாத, ஆனால் பொதுவான ஒரு குறிப்பின் வழியாக இணைந்திருக்கும் குறிப்புகளை எடுத்துத் தரும். முன்னே சொன்ன தாத்தா வீட்டு விசேஷம். உங்கள் குறிப்புகளில் ஏற்கெனவே இணைப்பு அடர்த்தியாக இருந்தால் இந்த ஒரு கட்டளை தங்கம். இணைப்பே இல்லாத குவியலில் அது சும்மா இருக்கும், பாவம், அதற்கு வேலை இல்லை.

தமிழில் முழு உரைத் தேடலுக்கு இதை நம்புவதற்குமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இசட்கே தன் சொல்லடைவை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் எஃப்டிஎஸ்5 என்ற உரைத்தேடல் பகுதியில் வைக்கிறது. அதன் இயல்பான சொற்பிரிப்பு எழுத்துகளையும் எண்களையும்தான் சொல்லின் பகுதியாக எண்ணுகிறது, தமிழ் உயிர்க்குறியும் புள்ளியும் அதற்கு இடைவெளி மாதிரி. அந்தக் கணக்கில் ‘கோயில்’ என்பது க, ய, ல என்ற மூன்று துண்டு. ‘குயில்’ என்பதும் க, ய, ல என்ற மூன்று துண்டு. கோயிலைத் தேடினால் குயில் கூவும். எழுத்துக்கு எழுத்து பொருந்தித் தேடும் முறைக்கோ வடிவத் தேடலுக்கோ மாற்றிக்கொள்ள இசட்கேயில் வழி இருக்கிறது, தமிழ்க் குறிப்புகளுக்கு மறக்காமல் மாற்றுங்கள். எஃப்டிஎஸ்5ஐ அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் எந்தச் செயலியிலும் இதே பொறி காத்திருக்கும்.

ஃபோம், நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோட் எடிட்டருக்கான நீட்சி. பின்சுட்டிகளையும் (இந்தக் குறிப்பைச் சுட்டும் குறிப்புகள்), யாரும் சுட்டாத அநாதைக் குறிப்புகளையும் பட்டியலிடும். நாளெல்லாம் விஎஸ் கோடில் இருப்பவருக்கு வசதி. புது இணைப்பு கண்டுபிடித்துத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## ஐந்தாம் வழி: பொருளை வைத்துத் தேடுவது

ஒவ்வொரு குறிப்பையும் ஒரு மொழி மாதிரிக்குள் அனுப்பினால் அது சில நூறு எண்களாக மாற்றித் தரும். பொருள் நெருங்கிய குறிப்புகளின் எண்கள் நெருக்கமாக இருக்கும். இதற்கு எம்பெடிங் என்று பெயர். ஆப்சிடியனில் ஸ்மார்ட் கனெக்‌ஷன்ஸ் போன்ற நீட்சிகள் இதைச் செய்கின்றன, நாமே முப்பது நாற்பது வரி நிரலிலும் செய்யலாம். கலிங்கையும் மறுகாலையும் நிகண்டு இல்லாமல் சேர்த்து வைக்கக்கூடிய வழி இந்த ஐந்தில் இது ஒன்றுதான்.

எல்லாம் எந்த மாதிரி என்பதில் இருக்கிறது. எளிய கருவிகளோடு வரும் சிறு மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயிற்சி பெற்றவை. பரவலாகப் புழங்கும் ஆல்-மினிஎல்எம்-எல்6 அப்படிப்பட்டது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கும் இந்தக் குடும்பத்து மாதிரிகள் உரையை உள்ளே எடுக்கும்போதே ‘தலைக்குறி’ (é மேலுள்ள கோடு மாதிரி) என்று நினைத்துச் சில குறிகளைத் துடைத்துவிடும். ஒருங்குறி வகைப்பாட்டில் நம் புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகையில் விழுகின்றன. ஆகவே ‘நீர்’ உள்ளே போகும்போதே ‘நர’ ஆகிவிடும். ‘மீன்’ ‘மன’ ஆகும். மிச்சமிருப்பதும் எழுத்தெழுத்தாகச் சிதறும். அதன்பின் வரும் நெருக்கக் கணக்கு கிளி ஜோசியத்துக்குச் சமம். கொடுமை என்னவென்றால் பிழைச்செய்தி ஒன்றும் வராது, பத்துக் குறிப்புகள் அழகாக வரிசையில் வந்து நிற்கும்.

தமிழுக்குப் பன்மொழி மாதிரி கட்டாயம். மல்டிலிங்குவல்-ஈ5 குடும்பத்தில் சிறியது 384 எண்கள் தரும், பழைய மடிக்கணினியிலும் ஓடும். 2024இல் வந்த பிஜிஇ-எம்3, 1,024 எண்கள் தரும், ஒரே மூச்சில் 8,192 சொல்துண்டு வரை படிக்கும், நீளக் குறிப்புக்கு ஏற்றது. மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்ட உதவும் ஒல்லாமா என்ற நிரல் வழியாக வீட்டிலேயே ஓட்டலாம், பதிவிறக்கம் ஒரு ஜிபிக்குச் சற்று மேலே. ஈ5 எடுத்தால் இரண்டு விஷயம். குறிப்பையும் குறிப்பையும் ஒப்பிடும்போது இரண்டின் முன்னாலும் ‘கொயரி’ என்ற முன்னொட்டு போட வேண்டும். அதன் நெருக்க மதிப்புகள் பெரும்பாலும் 0.7க்கும் 1க்கும் நடுவிலேயே நெருக்கியடித்து நிற்கும், அதனால் 0.8 என்பதைப் பார்த்து ‘ஆகா, எண்பது சதவீதம்’ என்று மகிழ வேண்டாம். வரிசையைப் பாருங்கள், எண்ணை விடுங்கள்.

இரண்டாயிரம் குறிப்பு என்றால் கிட்டத்தட்ட 20 லட்சம் ஜோடி. பயப்பட வேண்டாம், எண்களான பிறகு அது கணினிக்கு நொடிக்கணக்கு வேலை. 1,024 எண் வீதம் சேமித்தாலும் மொத்தம் சுமார் 8 எம்பிதான்.

மறைசெலவு வேறிடத்தில். இது எதையும் ‘தெரியாது’ என்று சொல்லாது. எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் நெருங்கிய பத்தைக் காட்டும், தொடர்பே இல்லாவிட்டாலும். காரணமும் சொல்லாது, ஏன் இணைத்தது என்று நீங்கள்தான் இரண்டையும் திறந்து படிக்க வேண்டும். இரண்டு வரிக் குறிப்புகளில் தடுமாறும். என் அனுபவத்தில், வட்டாரச் சொல் தனியாக நின்றால் அதற்குப் புரிவதில்லை, சுற்றி நான்கு வாக்கியம் இருந்தால் பிடித்துக்கொள்கிறது. நாட்குறிப்பும் குடும்ப விஷயமும் கலந்த கோப்புறையை இணையச் சேவைக்கு அனுப்பி எண்ணாக்கும் வசதியும் உண்டு, காசும் சொற்பம்தான். ஆனால் போனது போனதுதான். நான் வீட்டுக் கணினியிலேயே ஓட்டுகிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | பெயர் இணைப்பு | அண்டை இணைப்பு | பொருள் இணைப்பு | கோப்பில் தடம் | பராமரிப்பு | செல்பேசி |
|---|---|---|---|---|---|---|
| ரிப்கிரெப், நிகண்டு | நன்று, கேட்டால் மட்டும் | இல்லை | நிகண்டில் உள்ளவரை | ஒன்றுமில்லை | நிகண்டு வளர்ப்பது | இல்லை |
| ஆப்சிடியன் | மிக நன்று, மாற்றுப்பெயரோடு | ஓரளவு | நீட்சி வேண்டும் | இரட்டை அடைப்புச் சுட்டி | மாற்றுப்பெயர், நீட்சி | உண்டு |
| லாக்சீக் | வரி அளவில் நன்று | ஓரளவு | இயல்பாக இல்லை | அடையாள எண்கள், பட்டியல் வடிவம் | குறைவு | உண்டு |
| இசட்கே | உண்டு, தமிழில் தேடல் முறையை மாற்றி | மிக நன்று | இல்லை | ஒன்றுமில்லை | குறைவு | இல்லை |
| எம்பெடிங் | நோக்கம் அதுவல்ல | இல்லை | பன்மொழி மாதிரியானால் நன்று | ஒன்றுமில்லை, தனி அடைவு மட்டும் | மாதிரி, மறு அடைவு | கடினம் |

## என்றால் எதை எடுப்பது

ஐந்நூறுக்குக் குறைவாக இருந்தால் எதையும் நிறுவாதீர்கள். நிகண்டு எழுதுங்கள்.

ஆயிரம், இரண்டாயிரம் என்று வளர்ந்து, ஆள்பெயரும் ஊர்பெயரும் நிறைய இருந்தால் ஆப்சிடியன். நிகண்டிலிருந்து மாற்றுப்பெயர்களை ஒரு மாலையில் ஏற்றிவிடலாம். வரிவரியாகக் களக்குறிப்பு எடுக்கிறவர், பிற்காலத்தில் வெளியேறும் கவலை இல்லாதவர் என்றால் லாக்சீக். பல ஆண்டாகச் சுட்டி போட்டு எழுதிவந்தவர் எடிட்டரை மாற்ற வேண்டாம், இருக்கும் கோப்புறையிலேயே இசட்கேயை ஓட்டி ‘தொடர்புடையவை’ மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

எம்பெடிங்கை நான் முதற்கருவியாகச் சொல்லமாட்டேன். தினமும் பார்த்தால் அதன் பரிந்துரைகளுக்குக் கண் மரத்துப்போகும். மாதம் ஒருமுறை, ஏற்கெனவே இணைப்பு இருக்கும் ஜோடிகளை நீக்கிவிட்டு, மிச்சத்தில் மிக நெருங்கிய முப்பதை மட்டும் அச்சிட்டுத் தேநீரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். உருப்படியாகக் கிடைக்கும் ஒத்த சொல்லை உடனே நிகண்டில் ஏற்றிவிடுவேன், அடுத்த மாதம் அதைச் சாதாரணத் தேடலே பிடித்துவிடும்.

முடிவெடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் குறிப்புகளில் தொடர்பு உண்டு என்று உங்களுக்கே தெரிந்த இருபது ஜோடிகளைக் காகிதத்தில் எழுதுங்கள். பெயர் வகையில் சில, அண்டை வகையில் சில, பொருள் வகையில் சில. கோப்புறையின் நகல் ஒன்றை எடுத்து, அந்த ஜோடிகளுக்கு இடையே இருக்கும் சுட்டிகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் ஓட்டுங்கள். இருபதில் எத்தனை பிடித்தது, அவற்றைத் தேடி எத்தனை வேண்டாத பரிந்துரையைத் தாண்டினீர்கள் என்று இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். என் காகிதத்தில் முதல் வரி: கலிங்கு, மறுகால்.